கோயில்பிள்ளை அடித்த மணி

மத்தியானம் சாப்பிட்டால் எனக்குக் கண்ணை இழுத்துக்கொண்டு போகும், சாமி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் நைனாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அவர் வலையை மடியில் போட்டபடியே தூங்குவார்.

நாளை மறுநாள் சூசையப்பர் திருநாளுக்கு ஆயர் வருகிறார். எனக்குச் சால்வை போர்த்தப்போகிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பூசையில் அவர் கையால் நற்கருணை வாங்கவேண்டும். பாவத்தோடு அதை வாங்குவது மரியாதை இல்லை. அதனால்தான் இன்றைக்கே பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தேன். நீங்கள் தை மாதம்தான் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தீர்கள், உங்களுக்குப் பழைய கதை தெரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் குப்பத்துக்கு மேற்கே ஏரி, கிழக்கே கடல். நடுவில் மணல்மேடு, அதன்மேல் கோயில். நான் கோயில்பிள்ளையாகி இருபது வருஷம் ஆகிறது. பீடத்து மெழுகுவர்த்தி, பூ, ஞானோபதேச வகுப்பு, மணி, எல்லாம் என் பொறுப்பு. எழுபத்துமூன்றில், அப்போது பங்குச் சாமியாராக இருந்த லூர்துராயர் சாமி ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு மீனவர்களுக்கான வானிலை சொல்வார்கள். காற்று பலமாக வரும் என்று சொன்னால் நான் மணியை விடாமல் அடிக்கவேண்டும். பூசை மணி விட்டுவிட்டு அடிப்பது. இது விடாமல் அடிப்பது. அதைக் கேட்டால் கடலுக்குப் போகிறவன் போகமாட்டான், போய்க்கொண்டிருக்கிறவன் திரும்பிவிடுவான். அதுதான் ஏற்பாடு. வேற்று மதத்துக்காரர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் நண்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். அப்போது நான் ஒண்டிக்கட்டை. ரேடியோவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். விழித்தபோது மணி நான்கு, ரேடியோ சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். ராத்தங்கலுக்குப் போகிற ஐந்து கட்டுமரங்களும் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தன. வானிலையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாலைச் செய்தியில் சொன்னார்கள், புயல் என்று. அப்போது மணி அடித்திருந்தால் கரையோரம் நண்டு வலை போட்டிருந்தவர்களாவது படகெடுத்துப் போய்ச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஏன் இவ்வளவு நேரம் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். அதனால் அடிக்கவில்லை.

மறுநாள் நான்கு கட்டுமரங்கள் வந்தன. பெலவேந்திரனும் அவன் தம்பியும் போன மரம் வரவில்லை.

ஊர்த் தலைவர் இராயப்பன் நாலைந்து பேரோடு என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா கோயில்பிள்ளை, மணி ஏன் அடிக்கல?"

"ரேடியோ பேசல. கட்டை பூட்ச்சு" என்றேன்.

பாட்டரிக் கட்டையைச் சொன்னேன். அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை, சாமி. வாயில் தயாராக இருந்தது.

"முந்தாநேத்துதான புதுசு வாங்கியாந்த?"

"ஆமா. மீரான் பாய் கடையில. புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தாரு."

ரேடியோவை எடுத்து வா, பார்க்கலாம் என்றார். உள்ளே போனேன். ரேடியோவிலிருந்த புதுக் கட்டைகளைக் கழற்றி அரிசிப் பானைக்குள் விட்டேன். டார்ச்சில் கிடந்த செத்த கட்டைகளை எடுத்துப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. வெளியே கொண்டுவந்து கொடுத்தேன். இராயப்பன் குமிழைத் திருகினார். சத்தமே வரவில்லை. அப்போது எனக்கே ஓர் ஆறுதல் ஏற்பட்டது. நான் சொன்னது அந்த நிமிஷத்தில் உண்மையாகிவிட்டிருந்தது.

ஆனால் அவர்கள் அங்கிருந்து நேராகப் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மீரான் பாய் கடைவீதியில் சின்னக் கடை வைத்திருந்தார். திரி, தீப்பெட்டி, தூண்டில் முள், கட்டை, இந்த மாதிரி. கண்ணாடிப் பெட்டியை உடைத்தார்கள். அவரைத் தள்ளினதில் படிக்கட்டில் விழுந்து வலது முழங்கை உடைந்தது. அது சரியாகக் கூடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் குப்பங்களில் ஒருவரும் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. பள்ளிவாசலில் பஞ்சாயத்து வைத்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியானத்திலிருந்தே ரேடியோ பேசவில்லை என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். மீரான் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ கணக்குப் புரியாதவர் மாதிரி பார்த்தார்.

அடுத்த வாரம் அவர் மனைவி உம்மு ஹானி ஏரியைக் கடந்து என் வீட்டுக்கு வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு பொய் சொல்றவரு இல்ல. நீங்களும் கோயில்ல கீறவரு, பொய் சொல்லமாட்டீங்க. அப்ப யாருதான் பொய் சொன்னது?"

"கட்டை செய்றவன் சொல்லியிருப்பான்மா" என்றேன்.

அவர் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போனார்.

வாசல் திறந்திருந்தது, சாமி. அதை நான் மறுக்கவில்லை. அந்த அம்மாள் முதுகைக் காட்டி நடந்து மணலைக் கடக்கிற வரைக்கும் திறந்திருந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இராயப்பனுக்குப் பதில் சொல்லவேண்டும், பள்ளிவாசலுக்குப் பதில் சொல்லவேண்டும், செத்தவர்கள் வீட்டுக்குப் பதில் சொல்லவேண்டும். தூங்கினது ஒரு மத்தியானம். அதற்கு இவ்வளவு பேருக்குப் பதில் சொல்வது நியாயமாகப் படவில்லை.

கிறிஸ்துமசுக்கு லூர்துராயர் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடமை நேரத்தில் கண் அசந்துவிட்டேன் என்றேன். அற்பப் பாவம்தான் என்றார். "வேறு ஏதாவது உண்டா, சந்தியாகு?" என்று கேட்டார். அவர் எப்போதும் இரண்டு தடவை கேட்பார். இரண்டு தடவையும் இல்லை என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். சொல்லி முடித்துவிட்டுப் பூசையில் நற்கருணை வாங்கினேன். பாவத்தை மறைத்து நன்மை வாங்குவது தேவதுரோகம் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறவன். நாக்கில் வைத்தபோது ஏதாவது ஆகும் என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எப்போதும்போல் கரைந்தது. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் வாங்கினேன், பயமில்லாமல்.

பெலவேந்திரன் மனைவி சலேத்துக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, அமலி. முதலில் இரக்கத்தில்தான் போனேன். கூரைக்குக் கீற்று கொண்டுபோய்ப் போட்டேன், குழந்தைக்குப் பால்மாவு கொடுத்தேன். சலேத்து வாய்விட்டு அழமாட்டாள். இறால் உரித்துக்கொண்டே இருப்பாள், கண்ணில் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும், கை நிற்காது. அவளைப் பார்க்கப் பார்க்க, அவள் வீட்டுக்கு நான் போகிற வழியை அந்தப் புயல்தான் போட்டுக்கொடுத்தது என்று நினைக்க ஆரம்பித்தேன். கடவுள் சித்தம் என்றுகூட நினைத்தேன். எழுபத்தெட்டில் கல்யாணம் நடந்தது. விதவைக்கு வாழ்வு கொடுத்தவன் என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். அமலி என்னை நைனா என்று கூப்பிட்டாள்.

நான் நன்றாக இருந்தேன், சாமி. அதைச் சொல்லாவிட்டால் மீதி உங்களுக்கு விளங்காது. சலேத்து எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள். என் தாயார்கூட அப்படிப் பார்த்ததில்லை.

பச்சையம்மா கோயில் வேலிக்கு அந்தப் பக்கம் கருவாடு காயவைக்கிறவள். நம் வேதம் இல்லை, கங்கையம்மனைக் கும்பிடுகிறவள். அறுபது வயதுக்கு மேல். போன வருஷம் புரட்டாசியில் மீஞ்சூர்ச் சந்தைக்குப் போய்விட்டு வந்தவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"சந்தியாகு, ரயிலடியில மீரான் பாயப் பாத்தேன். எலுமிச்சம்பயம் விக்கிறாரு."

"அப்டியா, பெரிம்மா."

"பெலவேந்திரன் பூட்ட அன்னிக்கி மத்தியானத்துலேந்தே ரேடியோ பேசலன்னு நீ சத்தியம் பண்ணியாமே?"

நான் மெழுகுவர்த்தியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நான் அன்னிக்கி வேலிக்கி இந்தாண்ட கருவாடு திருப்பிக்கினு இருந்தேன் பா. பாட்டக் கேட்டுக்கினேதான் திருப்பினேன். சாயங்காலம் பொண்ணு வூட்டுக்கு அனுப்பம்பட்டு பூட்டேன். பத்து நாளு கயிச்சி வந்தா, கட்டை பூட்ச்சுன்னாங்க. நான் போன அப்புறம் பூட்டிருக்கும்னு நென்ச்சேன். பாடுச்சா, இல்லியா?"

"எட்டு வருசம் ஆச்சே, பெரிம்மா."

"ஆவட்டும். அந்த மன்சன் கை வளஞ்சி கீது. மேல சட்டை மாட்டக்கூட ஆள் வேணும். நீயே போயி சொல்லிடு. சலேத்துகிட்டயும் நீயே சொல்லு. என் வாயால வந்தா அசிங்கமாப் பூடும்."

அவள் மிரட்டவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் அவகாசம் கேட்டேன். ஒரு வாரம் என்றாள். மறுபடி கேட்டேன், சரி என்றாள். ஆறு வாரம் பொறுத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நான் வெளியே வரும்போது வேலியருகே நின்று என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

ஐப்பசி கடைசியில் ஒரு புதன்கிழமை காலை வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"ஒரு மணிப் படகுல அக்கரைக்குப் போறேன், சந்தியாகு. அங்க கீற உங்க சாமியாரப் பாத்துச் சொல்லிடறேன். அவரு ஒயுங்கு பண்ணட்டும். எனக்கும் வயசாவுது. இத்த வெச்சிக்கினு சாவ முடியாது."

"சரி பெரிம்மா" என்றேன்.

அன்று மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு ரேடியோவில் சொன்னார்கள். மாலைக்குள் பலத்த காற்று, யாரும் போகவேண்டாம் என்றார்கள். கேட்டுக்கொண்டு கோபுரத்தில் ஏறினேன். மேலிருந்து துறை நன்றாகத் தெரியும். படகுக்காரன் பொன்னுரங்கம் பாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். கருவாட்டுக் கூடையோடு நான்கு பெண்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக, காய்ச்சல் குழந்தையோடு திரௌபதி. வளையல் விற்க வந்த கிழவர் ஒருவர். முன்பக்கத்தில் பச்சையம்மா. பொன்னுரங்கம் கிளம்புவதற்கு முன் எப்போதும் கோபுரத்தைப் பார்ப்பான். அன்றும் பார்த்துக் கையை உயர்த்தினான். நானும் கையை உயர்த்தினேன்.

ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தின் நடுவுக்குப் படகு வந்தபோது மணி அடித்தேன். விடாமல் அடித்தேன்.

பொன்னுரங்கம் படகைத் திருப்பினான். பாதி திரும்பும்போது கவிழ்ந்தது.

ஒன்பது பேர் போய்விட்டார்கள். பொன்னுரங்கமும் மூன்று பேரும் நீந்தியும் இழுபட்டும் கரை சேர்ந்தார்கள். முதலில் தண்ணீரில் குதித்தவர்களில் நானும் ஒருவன். திரௌபதியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். குழந்தையை இடுப்பில் சேலையால் கட்டியிருந்தாள், அது அவிழவே இல்லை. பச்சையம்மா மூன்றாம் நாள் ஒதுங்கினாள். சலேத்துதான் குளிப்பாட்டினாள். நம் வேதம் இல்லாவிட்டாலும் அவளுக்கும் துக்க மணி அடித்தேன். அவள் மகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கோயில்பிள்ளை ரேடியோ கேட்ட உடனே ஓடிப்போய் அடித்தான், படகுக்காரனுக்குத்தான் திருப்பத் தெரியவில்லை என்றார்கள். பொன்னுரங்கமும் மறுக்கவில்லை. "மணி கேட்டுச்சு, திருப்பினேன். என் கைதான் தப்பு பண்ணிடுச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதான். இனி அவன் படகு தொடக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது. இப்போது துறையில் கூடை தூக்குகிறான். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கிடைத்துவிடுகிறார், சாமி. நான் தேடிப் போகவில்லை.

கயிறு இழுத்து என் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. சலேத்து என் கையை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். "எம் பெலவேந்திரனுக்கும் அன்னிக்கி இப்டி ஒரு மணி கேட்டிருந்தா" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். கை எரிந்தது.

நீங்கள் கேட்கிறீர்கள், பன்னிரண்டே முக்காலுக்குச் செய்தி கேட்டவன், ஒரு மணிக்குக் கிளம்புகிற படகுக்கு முன்னாலேயே ஏன் அடிக்கவில்லை என்று. ஊரில் இதை யாரும் கேட்கவில்லை. நீங்கள் படித்தவர்.

கயிறு கையில்தான் இருந்தது. முன்பே அடித்தால் படகு போகாது. பச்சையம்மா துறையிலேயே நிற்பாள். மறுநாள் போவாள், இல்லாவிட்டால் அங்கேயே சலேத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். அடிக்காமல் விட்டால் ஒன்றரைக்குள் அக்கரை சேர்ந்துவிடும். காற்று மாலை ஆறு மணிக்குத்தான் வந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் வானத்தைப் பார்த்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு வழியும் சரிப்படவில்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது.

காலையிலிருந்து வாடைக்காற்று இறுக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. வற்றுநீர் ஏரியிலிருந்து கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. அந்த இழுப்பில் நேராகப் போகிற படகு போய்விடும். நடுவில் குறுக்கே திருப்பினால் காற்று ஒரு பக்கம் தள்ளும், நீர் மறுபக்கம் இழுக்கும். இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பொன்னுரங்கத்துக்கும் தெரியும். ஆனால் விடாமல் அடிக்கிற மணியைக் கேட்டால் எங்கே இருந்தாலும் திரும்பவேண்டும் என்று பத்து வருஷமாக அவனைப் பழக்கியிருந்தோம். அவன் கீழ்ப்படிகிறவன். படகு சரியான இடத்துக்கு வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் இழுத்தேன். பச்சையம்மாவைக் கொல்ல வேண்டும் என்றுதான் இழுத்தேன். வார்த்தையை மறைத்துப் பிரயோஜனமில்லை.

ஞானோபதேசப் புத்தகத்தில் பாவங்களைத் தனித்தனியாக நம்பர் போட்டு எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். எனக்கு அவை அப்படி வரவில்லை. ஒவ்வொன்றும் முன்னதைப் பாதுகாக்கத்தான் வந்தது. தூக்கத்தைப் பாதுகாக்கப் பொய், பொய்யைப் பாதுகாக்கச் சத்தியம், சத்தியத்தைப் பாதுகாக்க நன்மை வாங்கினது, பிறகு சலேத்து. சலேத்துக்காக மற்றதெல்லாம். எந்த இடத்திலும் பெரிய அடி எடுத்து வைத்ததாக எனக்கு நினைவில்லை. மணல்மேட்டிலிருந்து தண்ணீருக்கு இறங்குவது மாதிரிதான். கால் நனைகிற இடம் எது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மீரான் பாயிடமும் பொன்னுரங்கத்திடமும் போய் உண்மையைச் சொல்லவேண்டும், அப்போதுதான் பாவப் பொறுத்தல் என்கிறீர்கள். அதைத்தான் சொல்வீர்கள் என்று தெரியும். அவர்களுக்குச் சொன்னால் சலேத்துக்குத் தெரியும். சலேத்துக்குத் தெரிந்தால் அமலியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் போகக்கூடாது என்றுதானே, சாமி, இவ்வளவும். அதைக் கேட்காதீர்கள். வேறு எந்த அபராதம் சொன்னாலும் செய்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகச் சொல்லுங்கள், போகிறேன். நான் சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதை வகுப்பில் நான்தான் நடத்துகிறேன்.

செய்த பாவத்துக்காக மனஸ்தாபம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அது இல்லாமல் இந்தக் கூண்டுக்கு வருவேனா. திரௌபதியின் குழந்தை முகம் தினமும் வருகிறது. வளையல்காரக் கிழவர் யார், எந்த ஊர் என்றுகூட விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அது என்னை அரிக்கிறது. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்காக நான் மெய்யாகவே மனஸ்தாபப்படுகிறேன்.